குதிரை பூட்டிய சத்திரம்

எங்கள் பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டால் ஒரு வசனம் எடுத்து விடுவார். "நான் சத்திரத்துச் சோறு தின்னு வளந்தவன்டா, எனக்கென்ன வெக்கம்?" கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தும்போதும் இதே வசனம்தான், கடைக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசும்போதும் இதே வசனம்தான். நேரங்கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்தால் "இதென்ன வீடா, சத்திரமா?" என்று அம்மா கேட்பாளே, அந்த மாதிரி இதுவும் ஒரு பேச்சு வழக்கு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை என்று தெரிய எனக்கு முப்பது வயது ஆக வேண்டியிருந்தது. 1960களில் அவர் ஒரத்தநாட்டில் விடுதியில் தங்கிப் படித்தவர். அந்த விடுதி இருந்த இடம் ஒரு சத்திரம். சத்திரத்தைக் கட்டியவர் தஞ்சாவூர் மராத்திய ராஜா இரண்டாம் சரபோஜி. கட்டியது ஒரு பெண்ணின் பெயரில். அதுவும் சாதாரணக் கட்டடமாக இல்லை, குதிரையும் யானையும் இழுத்துக்கொண்டு போகிற தேர் மாதிரி.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற சாலையில், இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது ஒரத்தநாடு. இன்றைக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். மாட்டு வண்டியில் போனவர்களுக்கு அது ஒரு நாள் பயணம். காலையில் தஞ்சாவூரில் வண்டி கட்டினால் பொழுது சாயும்போது ஒரத்தநாடு, மறுநாள் பட்டுக்கோட்டை, அப்புறம் கடற்கரையை ஒட்டியே சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் என்று இராமேஸ்வரம் வரைக்கும். சத்திரங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே பழைய வழி வரைபடம் மாதிரி விரிந்துவிடும். சேதுபாவாசத்திரத்தில் சத்திரம் என்ற சொல்லே ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் பறக்கிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்று யோசித்திருக்க மாட்டார்கள். நானும்தான் யோசித்ததில்லை.

காசிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓயாமல் ஆள் நடமாட்டம் இருந்த காலம் அது. காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து வந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம், சேதுக்கரை மணலை எடுத்துக்கொண்டுபோய்க் கங்கையில் கரைப்பது. இதற்காக மாதக் கணக்கில் நடந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு மொழி தெரியாது, கையில் காசு இருக்காது, காய்ச்சல் வரும், பாம்பு கடிக்கும், வழியில் பிரசவமே ஆகிவிடும். சத்திரத்தின் கதையை அந்தக் கால்களிலிருந்துதான் தொடங்க வேண்டும், ராஜாவிடமிருந்து அல்ல.

இருந்தாலும் ராஜாவைத் தவிர்க்க முடியாது. சரபோஜி 1777இல் பிறந்தவர். துளஜா மகாராஜாவின் சுவீகாரப் பிள்ளை. ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் பராமரிப்பில் ஆங்கிலமும் ஐரோப்பியக் கல்வியும் பெற்றவர். 1798இல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே, 1799 அக்டோபரில், ஒப்பந்தம் என்ற பெயரில் ராஜ்யத்தைக் கும்பெனிக்காரர்கள் எழுதி வாங்கிவிட்டார்கள். கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் மிச்சம். வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடா என்ற பொற்காசும், நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு. இருபத்திரண்டு வயதில் வேலை போன ராஜா என்று சொல்லலாம்.

அவர் அந்தச் சமயத்தில் எழுதிய ஒரு கடிதம்தான் என்னை இந்தச் சத்திரத்துக்குள் இழுத்தது. 1801 ஜனவரியில், தஞ்சாவூரில் இருந்த கும்பெனி ரெசிடெண்ட், அதாவது கும்பெனியின் பிரதிநிதி, பெஞ்சமின் டோரினுக்கு எழுதியது. சத்திரங்களையும் அவற்றுக்கு விட்ட நிலங்களையும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்கிற கடிதம். தஞ்சாவூர் தன் தர்மங்களால் உலகமெல்லாம் பெயர் பெற்றது, தர்மராஜ்யம் என்றே சொல்கிறார்கள், எனக்கு இருக்கிற கௌரவங்களில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன் என்கிறார். ராஜ்யம் போனதற்கு, படை போனதற்கு இந்த அளவுக்கு உருகினாரா தெரியவில்லை. சோற்றுக்காக உருகியிருக்கிறார்.

அப்புறம் சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று விவரிக்கிறார். இந்தப் பகுதியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லாருக்கும், ஜோகி, ஜங்கமர், பைராகி என்று எந்த வகைப் பரதேசியானாலும், சமைத்த சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் அளந்து கொடுப்பார்கள். நடு ராத்திரி வரை இது நடக்கும். நடு ராத்திரியில் மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், உங்களுக்காகச் சோறு இருக்கிறது என்று கூவுவார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு மணி அடிப்பது எங்கேயும் உள்ளதுதான். எல்லாம் முடிந்து, அடுப்பை அணைக்கப் போகிற நேரத்தில், விட்டுப்போனவர்களுக்கென்று ஒரு மணி. கேரளத்துப் பழைய வீடுகளிலும் வைக்கம் கோயிலிலும் ராத்திரி கதவு சாத்துவதற்கு முன்பு, பட்டினியாக யாராவது இருக்கிறீர்களா என்று வாசலில் நின்று குரல் கொடுக்கிற வழக்கம் இருந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டபோதும் எனக்கு இதே சிலிர்ப்புதான்.

கடிதத்தில் இன்னும் இருக்கிறது. சத்திரத்தில் பள்ளிக்கூடம் உண்டு, நான்கு வேதங்களுக்கும் தனித்தனி ஆசிரியர் உண்டு, வைத்தியர்கள் உண்டு, அவர்களுக்கு விஷக்கடி வைத்தியமும் தெரியும். தாய் தகப்பன் இல்லாமல் வந்து சேர்ந்த பிள்ளைகளை வாத்தியாரிடம் ஒப்படைப்பார்கள். மூன்று வேளைச் சாப்பாடு. நான்கு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். எதைப் படிக்க ஆசைப்படுகிறார்களோ அதைச் சொல்லிக் கொடுப்பார்கள். படித்து முடித்ததும் கல்யாணச் செலவும் சத்திரத்துடையது. நோயாளிக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் குணமாகும் வரை. கர்ப்பிணிகளைத் தனிப் பரிவோடு கவனிக்க வேண்டும். சத்திரத்திலேயே பிரசவம் ஆனால் செலவும் மருந்தும் சத்திரத்தின் பொறுப்பு, பிள்ளை பெற்ற பின் மூன்று மாதம் தங்கிக்கொள்ளலாம். வழியில் வந்தவர் இறந்துபோனால் அவரவர் சாதி வழக்கப்படி காரியம்.

நான்கு நாளைக்கு ஒரு முறை எண்ணெய்க் குளியல். ஒரு ராஜா, ராஜ்யம் போய் ஒன்றேகால் வருஷத்தில், வெள்ளைக்கார அதிகாரிக்கு எழுதுகிற அரசாங்கக் கடிதத்தில் அநாதைப் பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் வைக்கிற கணக்கை எழுதுகிறார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஒரத்தநாட்டுச் சத்திரம் எழுந்தது இதே காலத்தில், 1800ஐ ஒட்டிய இரண்டொரு ஆண்டுகளில். பெயர் முக்தாம்பாள் சத்திரம். ஊர் வாயில் அது முத்தாம்பாள் ஆகி, முத்தம்மாள் ஆகிவிட்டது. ஒரத்தநாட்டுக்கே முக்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் இருந்திருக்கிறது. யார் இந்த முத்தாம்பாள்? பட்டத்து ராணி இல்லை. சரபோஜியின் ராணிகள் யமுனாபாயும் அகல்யாபாயும். முத்தாம்பாள் அவர் பிரியம் வைத்திருந்த பெண். தாலி கட்டாத உறவு. அரண்மனைக் கணக்கில் அதற்குத் தனிச் சொல் உண்டு, அபிமான ஸ்திரீ.

ஊரில் சொல்கிற கதை இப்படிப் போகும். ராஜா ஆவதற்கு முன்பே அவருக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். பிரசவத்தில் இறந்துபோனாள். சாகும்போது, "என் பெயர் நிலைக்கிற மாதிரி ஒரு சத்திரம் கட்டுங்கள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் அங்கே தங்கிப் போகட்டும்" என்று கேட்டுக்கொண்டாளாம். கதையில் எவ்வளவு நிஜம் என்று நான் பஞ்சாயத்து பண்ணப் போவதில்லை. ஆனால் இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஆத்தா ஊர்ச் சுமைதாங்கிக் கல்.

நெட்டுக்குத்தாக இரண்டு கல், மேலே படுக்கையாக ஒரு கல். நெஞ்சு உயரம் இருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இறக்கிவிட ஆள் துணை இல்லாமலே, அப்படியே கல்லின்மேல் சுமையைச் சரித்துவிட்டு மூச்சு வாங்கலாம். மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்வதும் சுலபம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் சுமைதாங்கி வைப்பார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் அவள். வழியில் போகிறவர்கள் சுமை இறக்க இறக்க அவள் சுமையும் குறையும் என்று நம்பிக்கை. ஏழை வீட்டுக்காரர் கையால் ஆனது மூன்று கல். ராஜா வீடு என்றால் சத்திரம். முத்தாம்பாள் சத்திரத்தை ஊர்க்காரர்கள் ஒரு பெரிய சுமைதாங்கியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரசவக் கதை அப்படித்தான் அவள் பெயரோடு ஒட்டியிருக்க வேண்டும்.

தஞ்சை மராத்தியர் கட்டிய சத்திரங்களுக்கெல்லாம் பெரும்பாலும் பெண்கள் பெயர்தான். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், மீமிசலில் ராஜகுமாராம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள். வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் பெண்களுக்கு ஒரு பத்தி கிடைக்காது. ஆனால் வழிநெடுக அவர்கள் பெயரைச் சொல்லித்தான் ஆட்கள் கை நனைத்திருக்கிறார்கள்.

சரி, தேருக்கு வருகிறேன்.

பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போன வருஷம் ஒரத்தநாடு போனேன். அவருக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. பஸ்தான் வேண்டும், காரில் வந்தால் ஊரைப் பார்க்க முடியாது என்று அடம். இறங்கியதும் எனக்கு வழி காட்டுகிறேன் என்று தப்பான தெருவில் கூட்டிக்கொண்டு போனார். "இங்கதான்டா இருந்துச்சு" என்று ஒரு செல்போன் கடையைக் காட்டினார். அப்புறம் டீக்கடையில் விசாரித்துக்கொண்டு திரும்பினோம்.

முதலில் கண்ணில் பட்டது குதிரை. கட்டடத்தின் பக்கத்தை ஒட்டி, பாய்கிற தோரணையில். யானையும் இருக்கிறது. பின்னால் இருக்கிற மண்டபம் மொத்தத்தையும் அவை இழுத்துக்கொண்டு கிளம்பப்போகிற மாதிரி ஒரு பாவனை. தாராசுரம் போனவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அங்கே இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயிலின் முன்மண்டபம், ராஜகம்பீரன் திருமண்டபம், சக்கரம் வைத்துக் குதிரை பூட்டிய தேராகத்தான் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டு வேலை. தஞ்சாவூர்ச் சீமையில் கல்தச்சர்களுக்குத் தேர் மண்டபம் பழகிப்போன விஷயம். சுவாமி உட்கார்ந்து ஊர்வலம் போக வேண்டியது தேர். அதனால் சுவாமி இருக்கிற மண்டபத்தைத் தேராகச் செய்வார்கள். யாரோ ஒருவர், ராஜாவோ, ஸ்தபதியோ, அந்தத் தேரைக் கொண்டுவந்து தெருவில் நடந்து வருகிற பைராகிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் தங்குமிடமாக வைத்துவிட்டார். கால் தேய நடந்து வந்தவன் படுத்துத் தூங்குகிற இடம் ஒரு தேர். அவன் தூங்கும்போது குதிரைகள் இழுக்கும். இது ஒரு குறும்பு என்றுதான் எனக்குப் படுகிறது. பக்தியும் கலந்த குறும்பு.

குதிரையின் முன்னங்காலைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளையடித்து வெள்ளையடித்து, செதுக்கிய விளிம்பெல்லாம் மழுங்கி, கால் கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்தது. ஓர் இடத்தில் பூச்சு பெயர்ந்து கீழே இருந்தது தெரிந்தது. அங்கே மட்டும் உளி போன தடம் கூர்மையாக இருந்தது. வருஷா வருஷம் வெள்ளையடித்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அடித்திருப்பார்கள். அது வேலையை மறைத்தும் இருக்கிறது, ஒருவகையில் காப்பாற்றியும் இருக்கிறது. "இந்தக் குதிர மேல ஏறாத பய ஹாஸ்டல்ல கிடையாது" என்றார் பெரியப்பா. "யானைக்குத்தான் சண்ட. யானை மேல ரெண்டு பேர் உக்காரலாம்."

உள்ளே முற்றம், சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், செதுக்கு வேலை செய்த மரத்தூண்களும் விட்டங்களும். சில பக்கம் பூட்டிக் கிடந்தது, சில பக்கம் போக வேண்டாம், மேலே விழுந்தாலும் விழும் என்று அங்கே இருந்த ஆள் எச்சரித்தார். விழாமல் நிற்கிற பக்கத்தைப் பார்த்தால் அந்தக் காலத்துச் சாந்தின் அருமை தெரியும். சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து, வட்டப் பள்ளத்தில் போட்டு, மாடு கட்டிக் கல்லுருளையால் அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு விட்டு அரைக்க வேண்டும். அவசரப்பட்டால் சாந்து பிடிக்காது. சிமெண்டு மாதிரி ஒரே நாளில் இறுகாமல் மாதக் கணக்கில் மெதுவாக இறுகும். கட்டடம் மூச்சு விடும் என்று எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர் சொல்வார். இன்றைக்கு அதே சுவரில் சிமெண்டை வைத்து ஒட்டுப் போட்டால், உள்ளே ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் செங்கல் உளுத்துப் போகிறது. சில இடங்களில் அப்படி ஒட்டுப் போட்டிருந்ததையும் பார்த்தேன். என்ன செய்வது.

இங்கே வெறும் சாப்பாடும் படுக்கையும் மட்டும் இல்லை. சரபோஜி இந்தச் சத்திரத்தில் பெரிய பள்ளிக்கூடம் நடத்தினார். தமிழ், தெலுங்கு, மராத்தி, சமஸ்கிருதம், பாரசீகம், ஆங்கிலம் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தஞ்சாவூர் அரண்மனையில் அவரே தேவநாகரி அச்சுக்கூடம் வைத்து, 1806இல் ஈசாப் கதைகளை மராத்தியில் அச்சிட்டார். நரியும் திராட்சையும் கதையைத் தஞ்சாவூர் ராஜா மராத்தியில் அச்சடித்துக்கொண்டிருந்தபோது நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். எல்லாருக்கும் சோறு என்றால் எல்லாரும் ஒரே பந்தியில் என்று அர்த்தமில்லை. கடிதத்திலேயே அவரவர் சாதி வழக்கப்படி என்று வருகிறது. சமைத்ததைச் சாப்பிடாதவர் என்றால் யார் என்று நமக்குத் தெரியாதா? வேதம் படிக்க உட்கார்ந்தவர்கள் யார் என்றும் தெரியும். இத்தனை சோற்றுக்கும் நெல் விளைவித்த சத்திரத்து நிலங்களில் முதுகு வளைத்தவர்களைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி கிடையாது. தர்மம் ராஜாவின் பெயரில், நாற்று நட்ட கைகளுக்குப் பெயர் இல்லை. என் ஊர்க்காரர்கள் அந்தக் கைகள்தான். அதனால் எனக்கு இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது கண் கலங்குகிற அளவுக்குப் பல்லும் கடிபடும்.

அப்புறம் நடந்தது அதைவிட வேடிக்கை. சரபோஜி 1832இல் காலமானார். அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் போனதும் மிச்சமிருந்த பட்டமும் போயிற்று. சத்திரங்களும் நிலங்களும் கும்பெனி கைக்கு வந்து, பின்பு ஜில்லா நிர்வாகத்தின்கீழ் போயின. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்துவிட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் இராமேஸ்வரம் வரைக்குமே ரயில். மாதக் கணக்கில் நடந்தவர்கள் ஒரு ராத்திரியில் போய்ச் சேர்ந்தார்கள். சேது வழியில் கால்கள் குறைந்தன. நடக்க ஆள் இல்லாத வழியில் சத்திரத்துக்கு என்ன வேலை?

வேலை மிஞ்சியது பள்ளிக்கும் விடுதிக்கும்தான். ஆனால் யாருக்கு? "சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் சிபாரிசா?" என்று ஒரு பழமொழி உண்டு. பொதுவில் கிடைக்கிற சோற்றுக்குப் பெரிய மனிதர் சிபாரிசு எதற்கு என்று அர்த்தம். பழமொழி அப்படிச் சொன்னாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிபாரிசு இருந்தாலும் நடக்காது என்கிற நிலைமை. பிராமணர் முதல் பறையர் வரை என்று ராஜா எழுதிக் கொடுத்த தர்மம், ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் பிராமணப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் என்று சுருங்கிப்போயிருந்தது.

அதை உடைத்தவர் ஏ.டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சிக்காரர், பாரிஸ்டர். 1920களில் தஞ்சாவூர் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, இந்தச் சத்திரங்களின் வருமானம் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்டார். ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திரங்களைப் பிராமணரல்லாத பிள்ளைகளும் ஆதிதிராவிடப் பிள்ளைகளும் இலவசமாகத் தங்கிப் படிக்கிற விடுதிகளாக்கினார். சத்திரத்து வருமானத்தில் நடந்துவந்த திருவையாறு வடமொழிக் கல்லூரியில் தமிழையும் பாடமாக நுழைத்தவர் அவர்தான். 1940 மார்ச்சில் லண்டனுக்குப் பறந்தபோது அவர் போன ஹானிபல் விமானம் ஓமான் வளைகுடாவில் காணாமலே போய்விட்டது. உடலும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பன்னீர்செல்வம் என்று பெயர் வைத்த பெரியவர்கள் இத்தனை பேர் ஏன் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

இருநூறு வருஷத்துக் கதையில் அந்த நடு ராத்திரி மணியின் அர்த்தத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் பன்னீர்செல்வத்தைத்தான் காட்டுவேன். ராஜாவைக்கூட அடுத்ததாகத்தான்.

அந்த விடுதிக்கு நாற்பது வருஷம் கழித்துத்தான் எங்கள் பெரியப்பா போய்ச் சேர்ந்தது. அரை ஆள் கூலிக்கு மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன். எட்டு மைல் தள்ளி ஊர். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு அலுமினியத் தட்டு.

முற்றத்து ஓரத்தில் நின்று, "இங்கதான் பந்தி" என்று காட்டினார். எந்த வரிசையில் உட்கார்வார், எந்தப் பக்கத்திலிருந்து சோறு வரும், பின்வரிசைக்கு வரும்போது குழம்பில் காய் எப்படிக் காணாமல் போகும் என்றெல்லாம் சொன்னார். நான் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நடு ராத்திரி மணியைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"மணியா? எங்க காலத்துல தண்டவாளத் துண்டு. கயித்துல கட்டித் தொங்கும். இரும்புக் கம்பியால ரெண்டு தட்டு. சாப்பாட்டுக்கு ஒருதரம், அவ்ளோதான். அப்புறம் வந்தா கிடையாது."

ரயில் வந்துதான் சத்திரத்து வழி செத்தது என்று சற்று முன் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அதே ரயிலின் ஒரு துண்டு இங்கே மணியாகத் தொங்கியிருக்கிறது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் வேறு எங்கோ போய்விட்டார்.

"ஒரு தடவ ஞாயித்துக்கிழம ஊருக்குப் போயிட்டு நடந்தே திரும்பினேன். மழை. வந்து சேரும்போது எல்லாரும் படுத்தாச்சு. அடுப்பு அணைஞ்சு போச்சு. சமையக்கட்டு வாசப்படியில சும்மா உக்காந்துட்டேன். கூப்பிடல, ஒண்ணுமில்ல. பாத்திரம் தேய்க்கிற ஆயா ஒண்ணு இருந்துச்சு. என்னப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. தனக்குன்னு கலயத்துல எடுத்து வச்சிருந்துச்சு பாரு, அதுல பாதியத் தட்டுல கவுத்துச்சு. தண்ணி ஊத்தின சோறு, ஒரு நார்த்தங்காத் துண்டு."

"அந்த ஆயா பேரு என்ன பெரியப்பா?"

யோசித்தார். தூணில் கை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"ஆயான்னுதான்டா கூப்பிடுவோம்" என்றார். பிறகு, பட்டுக்கோட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.